தோழியின் முதல் நாவல்: கொம்பு எழுத்தும் ஊர்ச் சொல்லும் குழப்புகின்றன, உதவுங்கள்

ஆரையம்பதி வாசகி:
வணக்கம். தோழி ஒருத்தி ஏழு வருடமாக எழுதிய நாவலை நான் திருத்த, நாங்களே அச்சிட்டு வெளியிடப் போகிறோம். மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு போடியாரிடம் (பெரிய வயற்சொந்தக்காரர்) முல்லைக்காரராக (அவருடைய வயல் வேலையைப் பார்க்கும் ஆள்) இருந்தவரின் கதை.

முழுவதும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் ரைப் செய்தது. அச்சகம் கேட்டபடி யூனிகோட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைத்து அனுப்பிய பிடிஎஃப்பில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. 'போடியார்' என்ற சொல்லையே வாசிக்க முடியவில்லை.

இன்னொன்று. 'மறுகா', 'ஏலா', 'வட்டை' வந்த இடமெல்லாம் 'பிறகு', 'முடியாது', 'வயல்' என்று மாற்றினேன். வெளியூர் ஆட்களுக்கும் விளங்க வேண்டுமே. தோழி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாகப் பேச்சும் இல்லை. பிழை விட்டேனா?

களுதாவளை டிரிபி:
தங்கச்சி, உங்கள் கோப்பில் பிழை இருக்காது. இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி பரக்ராப் கொம்போசர்' என்பதைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். மற்றக் கொம்போசருக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. யூனிகோட் தெரியாத பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருக்கிற அச்சகம் என்றால் பாமினிக் கோப்பையே கொடுக்க வேண்டும்.

மாற்றிய பிரதியை ஒருக்கால் முழுதாக வாசியுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கிறது. நாவலில் எங்காவது ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும்.

எழுவான்கரை அக்கா:
மகள், வட்டை வேறு, வயல் வேறு. வயல் ஒருவருடையது. பலருடைய வயல்கள் சேர்ந்த வெளிதான் வட்டை, அதைப் பார்க்க வட்டவிதானை இருப்பார். 'வயல்' என்று போட்டால் வட்டவிதானைக்குக் கதையில் வேலையே இல்லாமல் போகும். பேச்சில் கைவைக்க வேண்டாம். 'எனக்கு ஏலா' என்கிற ஆளும் 'என்னால் முடியாது' என்கிற ஆளும் ஒருவர் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரே சொல் பத்தாம் பக்கத்தில் ஒரு மாதிரியும் நூறாம் பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான். அதற்கு ஒரு கொப்பியில் சொற்களை எழுதிவையுங்கள். அப்புறம், வேர்டில் மாற்றியதையெல்லாம் அடையாளமிட்டுக் காட்டும் 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டே திருத்துங்கள். ஏற்பதும் விடுவதும் எழுதியவரின் உரிமை.

ஆரையம்பதி வாசகி:
கொம்பு சரிவந்துவிட்டது, மிக்க நன்றி அண்ணன். அக்கா, நேற்றுப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய்ப் பழைய பிரதியை இருவரும் சத்தமாக வாசித்தோம். முல்லைக்காரர் மனைவியிடம் 'மறுகா வாறன் கா' என்று சொல்லிப் படலையைச் சாத்துகிறார், திரும்பி வரவேயில்லை. அதை நான் 'பிறகு வருகிறேன்' ஆக்கியிருந்தேன். அந்த இடத்தில் அவளுக்குக் குரல் அடைத்தது. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன்.

இப்போது 212 பக்கம், 300 பிரதி. புத்தகத்துக்கான அடையாள எண், ஐ.எஸ்.பி.என்., எங்கே எடுப்பது?

களுதாவளை டிரிபி:
கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில். வெளியீட்டாளராகத் தோழியின் பெயரையே கொடுக்கலாம். பின்னட்டையில் பார்கோட் வர வேண்டும், ஆகவே அட்டையை முடிக்க முன்னரே எண்ணை எடுங்கள். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும்.

ஒரு போமுக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் கட்டுக்கு, 16 பக்கம். 13 போம் 208, 14 போம் 224. நான்கு பக்கத்துக்காகக் கதையை வெட்ட வேண்டாம், 224 ஆக்குங்கள். மிஞ்சும் 12 பக்கத்தில் உங்கள் கொப்பியில் இருக்கிற ஊர்ச் சொற்களுக்கு விளக்கம் போடலாம், வெளியூர் ஆட்களுக்கும் விளங்கும். 300ஐ அடிக்க முன்னர் ஒரேயொரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, தோழியின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.