மறு: ஃபெரல் பூனைக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்துப் பூனைகளைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு எழுதிய வாக்கியம் இது: "காட்டுப்பூனைகளோடு கலந்து கலந்தே காட்டுப்பூனை இனம் அழிகிறது." படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

முதல் காட்டுப்பூனை ஃபெரல். வீட்டுப் பூனையின் வழிவந்து, ஆள் துணையின்றித் தானே வேட்டையாடிப் பிழைப்பது. இரண்டாவது, ஐரோப்பாவின் பழைய வனவிலங்கான ஃபெலிஸ் சில்வெஸ்டிரிஸ்; தடித்த வால், மழுங்கிய நுனி, கறுப்பு வளையங்கள். போதாக்குறைக்கு நம்மூர்ப் புதர்களில் திரியும் ஃபெலிஸ் சௌஸுக்கும் அதே பெயர்தான்.

> காட்டுக்குப் போய்விட்டால் காட்டுப்பூனைதானே?

இல்லை. வீட்டுப் பூனைகள் மேற்காசியாவின் ஃபெலிஸ் லிபிகா வழிவந்தவை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதருக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஐரோப்பியர் கொண்டுபோன பூனைகளின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகப் புதரில் வாழ்ந்தும் இன்னும் அதே லிபிகா வழிதான். சில்வெஸ்டிரிஸ் வேறு கிளை. ஆனால் இரண்டும் கூடினால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் ஈனும். அங்கேதான் வம்பு. ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம்ஸ் மலைப்பகுதியில் 2023 முதல் சில்வெஸ்டிரிஸைக் காட்டில் விடுகிறார்கள், ஃபெரலைப் பிடித்துக் கருத்தடை செய்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

'தெருப்பூனை' சரிவராது, அது நம் மிச்சம் மீதியில் வாழ்வது. 'காடேறிப் பூனை' அழகுதான், ஆனால் ஒரு எழுத்துப் பிசகினால் காட்டேரி ஆகிவிடும்.

குறுந்தொகை 139-இல் 'மனையுறை கோழி' வருகிறது. அடுத்த அடியிலேயே, அதைப் பிடிக்க 'வேலி வெருகு', அதாவது வேலியோரக் காட்டுப்பூனை, வருகிறது. அதனால் என் முன்மொழிவு: வீட்டுப் பூனை மனையுறை பூனை, ஃபெரல் மனைநீங்கு பூனை, வனத்துப் பூனை வெருகு. சௌஸைப் புதர்வெருகு எனலாம். மனைநீங்கு பன்றி, மனைநீங்கு ஆடு என்று மற்ற விலங்குகளுக்கும் நீட்டிக்கொள்ளலாம்.

---

வெருகுக்கு என் வாக்கு. 'மனைநீங்கு' மட்டும் சன்னியாசம் வாங்கியதுபோல் ஒலிக்கிறது. ருத்திராட்சப் பூனை ஒன்று போதாதா? அப்புறம், புதரிலேயே பிறந்த குட்டி எந்த மனையை நீங்கியது?

---

சன்னியாசத்தை ஒத்துக்கொள்கிறேன் :-) குட்டி விஷயத்தில் மாட்டேன். பெயர் அந்த ஒரு குட்டிக்கு அல்ல, அதன் வம்சத்துக்கு. வம்சம் மனையிலிருந்து போனதுதானே. கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். இப்போதைக்கு வாக்கியம் இப்படி நிற்கிறது: "மனைநீங்கு பூனைகளோடு கலந்து கலந்தே வெருகு இனம் அழிகிறது." இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.