மறு: கியர்ப்பெட்டியை வகை மாற்றுவதற்கு ஒரு சொல்

வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேட்டது சின்னக் கேள்வி. ஸ்போர்ட்ஸ் காரில் கையால் கியர் போடும் பெட்டியை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆட்டோமேட்டிக் பெட்டியை ஏற்றும் வேலைக்கு ஒரே சொல் வேண்டும். கேட்டவரின் பணிமனைக் கைநூலில் அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறதாம். வந்த விடைகளில் பாதி, சொல்லை விட்டுவிட்டு வேலையையே கண்டிக்கப் போய்விட்டன. முதலில் அதை முடித்துவிடலாம்.

> ஆட்டோமேட்டிக் போட்டால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை. யாரும் செய்யக்கூடாத வேலைக்குச் சொல் எதற்கு?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1953ல் வந்த முதல் ஆண்டு கார்வெட் மொத்தம் 300 வண்டிகள். எல்லாமே பவர்கிளைடு என்ற இரண்டு கியர் ஆட்டோமேட்டிக். கையால் போடும் பெட்டி 1955ல்தான் அதில் ஏறியது. 2020 மாடலிலிருந்து கார்வெட்டில் கிளட்ச் மிதியே கிடையாது. நேர்கோட்டில் சீறும் டிராக் (drag) பந்தயக்காரர்கள் அந்தப் பழைய பவர்கிளைடை இன்றைக்கும் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். கியர் மாறும்போது சக்கரத்துக்குப் போகும் விசை அறுபடாது என்பது ஒரு காரணம். டர்போ வண்டியில் இது இன்னும் முக்கியம்: கிளட்சை மிதிப்பதற்காக ஆக்சிலரேட்டரை விட்டால் டர்போவின் அழுத்தம் இறங்கிவிடும். இதெல்லாம் போக, இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகும் பிடித்த காரை விற்க மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆக, வேலை நடக்கிறது. சொல் வேண்டும்.

> கைமுறைச் செலுத்தத்தைத் தானியங்கிச் செலுத்தமாக மாற்றீடு செய்தல். துல்லியமாக இருக்கிறதே, சுருக்குவானேன்?

துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'கைமுறைச் செலுத்தத்தைத் தானியங்கிச் செலுத்தமாக மாற்றீடு செய்யப்பட்ட காரின் பின் அச்சு விகிதம்' என்று தொடங்கினால், பின் அச்சுக்கு வந்து சேர்வதற்குள் படிப்பவருக்கு மூச்சு வாங்கிவிடும். பணிமனையில் கையில் கிரீஸோடு நிற்பவர் ஒரு கண்ணால் படிக்கிற நூல் இது. வினையாகவும் பெயரெச்சமாகவும் வளைந்து கொடுக்காத சொல், கலைச்சொல் பட்டியலில் மட்டும்தான் குடியிருக்கும்.

'தானியங்கி' வேண்டாம் என்று நினைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. பணம் தரும் இயந்திரத்திலிருந்து துணி துவைக்கும் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் அதை ஒட்டிவிட்டோம். தானியங்கி கார் என்றால் இப்போது ஓட்டுநரே இல்லாத கார்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே ஓட்டுநர் இருக்கிறார், இடது காலுக்கு மட்டும் வேலையில்லை.

> பற்சக்கரப்பெட்டி மாற்றம் போதும்.

போதாது. பழுதான கைப்பெட்டியை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொரு கைப்பெட்டியை வைத்தாலும் அது பெட்டி மாற்றம்தான். அப்புறம் கியர் மாற்றம் என்றால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது. இதோடு, ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை 'முறுக்குவிசை மாற்றி' என்றும் வைத்துக்கொண்டோமானால் கைநூலில் வரப்போகும் வாக்கியம் இது: 'கியர் மாற்றும் பெட்டியை மாற்றும்போது முறுக்குவிசை மாற்றியையும் மாற்ற வேண்டுமா என்பது மாற்றப்படும் பெட்டியைப் பொறுத்து மாறும்.' சிரிக்கலாம், ஆனால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. 'மாற்று' என்ற வேர் இந்தத் துறையில் ஏற்கெனவே சுமக்க முடியாத அளவு சுமக்கிறது. இன்னொரு மூட்டையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

சரி, என் முன்மொழிவு: கையால் போடுவது கைக்கியர். தானே போட்டுக்கொள்வது தன்கியர். ஒன்றை மற்றதாக்குவது தன்கியராக்கம். எதிர்த்திசையில் செய்தால் கைக்கியராக்கம்.

தமிழாக்கம், நூலாக்கம் என்று நாம் தினமும் புழங்குகிற அதே 'ஆக்கம்'தான். எதுவாக ஆகிறது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. தன்கியராக்கினார், தன்கியராக்கிய கார், தன்கியராக்கத்துக்குப் பின் என்று எந்தப் பக்கமும் திரும்பும். கைக்கியராக்கம் என்ற எதிர்ச்சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள துடுப்பைத் தட்டிக் கியர் மாற்றும் ஃபெராரிகளைப் பழையபடி கைப்பிடிக் கியருக்குக் கொண்டுவருகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

'ஆக்கம்' என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு வேலையின் தன்மைதான் காரணம். பெட்டியை மட்டும் தூக்கி வைத்தால் முடிகிற காரியமா இது? கைக்கியர் காரில் கிராங்க் தண்டின் முனையில் கனமான ஃபிளைவீல், அதன்மேல் கிளட்ச். இரண்டும் போய்விடும். அந்த இடத்தில் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தட்டு வருகிறது. ஸ்டார்ட்டர் கடிக்கும் பல்வளையம் இனி அதன் ஓரத்தில்தான் இருக்கும். பல என்ஜின்களில் கைப்பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கிக்கொண்டு கிராங்க் முனையில் உட்கார்ந்திருக்கும் பைலட் பேரிங்கையும் நோண்டி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கன்வெர்ட்டரின் மூக்கு அந்தக் குழிக்குள் இறங்காது. புதுப் பெட்டியின் நீளம் வேறாக இருந்தால், பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் வேறு. பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தின் இடமும் நகரும். எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டர் பக்கம் இரண்டு குழாய்கள் ஓட வேண்டும். கிளட்ச் மிதி போய், அகலமான பிரேக் மிதி வரும். பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்சை ஸ்டார்ட்டர் மின்சுற்றில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் டிரைவில் இருக்கும்போது சாவியைத் திருப்பினாலும் வண்டி பாயும். அப்புறம் பெட்டியின் கணினி, அது என்ஜின் கணினியோடு பேச வேண்டும்.

1993ல் வந்த டொயோட்டா சூப்ரா டர்போ மாதிரி, கார் நிறுவனமே கெட்ராக் கம்பெனியின் ஆறு கியர் கைப்பெட்டியையும் நாலு கியர் ஆட்டோமேட்டிக்கையும் விற்றிருந்தால் இந்தப் பாகங்களெல்லாம் அளவெடுத்தாற்போல ஏற்கெனவே இருக்கும். மற்ற கார்களில் பாதியைச் செய்துகொள்ள வேண்டியதுதான். இத்தனையையும் 'பெட்டி மாற்றம்' என்றால், காரைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. மாறுவது கார்.

இந்த வேலையில் ஒரே ஒரு இடத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன், கைநூலில் கவனமாக எழுத வேண்டிய இடமும் அதுதான். கன்வெர்ட்டரைப் பெட்டியின் தண்டில் மாட்டும்போது ஒரே தள்ளில் உட்காராது. மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். உள்தண்டின் வரிப்பற்கள், ஸ்டேட்டர் என்ற நடுச் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் வரிப்பற்கள், எண்ணெய் பம்பைச் சுழற்றும் காதுகள் என்று பல பெட்டிகளில் மூன்று இடத்தில் 'டொக்' என்று இறங்கும். இரண்டு டொக்கோடு திருப்தியடைந்து பெட்டியை என்ஜினோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினால், முறுக்குகிற விசை அப்படியே பம்பின் மேல் ஏறி அதை உடைத்துவிடும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே பெட்டி போச்சு. சரியாக உட்கார்ந்திருந்தால், என்ஜினும் பெட்டியும் சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டரைக் கையால் சுழற்ற முடியும், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் தெரியும். அதன்பிறகுதான் கன்வெர்ட்டரை முன்னுக்கு இழுத்து போல்ட் போடுவது.

> 'கியர்' ஆங்கிலம். பல்லிணை என்ற நல்ல சொல் இருக்கிறது.

பல்லிணை அழகான சொல்தான், பாடநூலில் இருக்கட்டும். இங்கே அது பொருளிலும் கொஞ்சம் இடறுகிறது. பல்லிணை என்றால் பற்கள் கொண்ட அந்தச் சக்கரம். 'மூணாவது கியர்ல போ' என்பதில் வரும் கியர் சக்கரம் அல்ல, நிலை. தமிழில் கியர் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலையைத்தான் சொல்கிறார்கள், தன்கியரிலும் கைக்கியரிலும் வருவதும் அதே நிலைதான். அதைப் பேசுகிறவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கொடுப்பதால் என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

> தன் + கியர் தற்கியர் ஆக வேண்டாமா? தற்காப்பு, தற்கொலை போல?

புணர்ச்சி விதிப்படி நியாயம். ஆனால் தற்கியர் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கியர் காணாமல் போகிறது. அயற்சொல் அடுத்து வரும்போது னகரத்தை அப்படியே விடுவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

கைக்கியர் என்றால் கைப்பிடியில் கியர் இருந்த பழைய ஸ்கூட்டர் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும். அதுவும் கையால் போட்டதுதானே?

இன்னொரு கேள்வியைத்தான் நான் உண்மையில் எதிர்பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. கிளட்ச் மிதி இல்லாத எல்லாப் பெட்டியும் உள்ளே ஒன்றல்லவே? இரட்டைக் கிளட்ச் பெட்டியில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, உள்ளே பார்த்தால் கைப்பெட்டியின் நெருங்கிய உறவு. ஏஎம்டி என்ற ஆட்டோமேட்டெட் மேனுவலோ கைப்பெட்டியேதான், மேலே கிளட்சையும் கியரையும் இயக்க ஓர் ஏற்பாடு. 1997ல் ஃபெராரி எஃப்355ல் வந்த எஃப்1 பெட்டியும் அந்த வழிதான், ஆறு கியர் கைப்பெட்டியின்மேல் ஹைட்ராலிக் ஏற்பாடு. கைப்பெட்டியை இறக்காமலே அப்படியொரு ஏற்பாட்டைப் பொருத்தினால் எந்தப் பெட்டியும் மாறவில்லை, ஆனாலும் கார் தன்கியராகிவிட்டது. பெட்டியை வைத்துக் கட்டிய சொல் எதுவும் இந்த இடத்தில் நிற்காது. ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து கட்டியதால் தன்கியராக்கம் நிற்கிறது.

டார்க் கன்வெர்ட்டருக்கு 'பாய்ம இணைப்பி' என்று வந்த பரிந்துரையை ஏற்க முடியவில்லை. அது ஃப்ளூயிட் கப்ளிங் என்ற வேறு கருவி. பாய்ம இணைப்பியில் எண்ணெயைத் தள்ளும் சக்கரமும் வாங்கும் சக்கரமும் மட்டும்தான், வாங்கிய முறுக்கை அப்படியே கொடுக்கும். கன்வெர்ட்டரில் நடுவே ஸ்டேட்டர் இருக்கிறது. திரும்பி வரும் எண்ணெயை, தள்ளும் சக்கரத்துக்கு உதவுகிற திசையில் அது திருப்பி விடுகிறது. அதனால்தான் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது என்ஜினின் முறுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெட்டிக்குள் போகிறது. எனவே 'முறுக்குப்பெருக்கி'. வேகம் ஒத்துப்போன பிறகு பெருக்குவதில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் இது இருப்பதே பெருக்குவதற்காக என்பதால் பெயர் பொருந்தும். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு 'நெகிழ்தட்டு' என்று வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அழுத்தமும் சூடும் ஏறினால் கன்வெர்ட்டர் லேசாக உப்பும், அதற்கு அந்தத் தட்டு நெகிழ்ந்து கொடுக்க வேண்டும்.

கிக் டவுன் மட்டும் பாக்கி இருக்கிறது: ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்ததும் பெட்டி தானாகக் கீழ்க்கியருக்கு இறங்குவது. 'மிதியிறக்கம்' என்று யோசித்தேன், மிதி இறங்குவதாகவும் பொருள் வருவதால் எனக்கே அரைமனதுதான். கைநூலில் அந்த அத்தியாயம் வருவதற்குள் இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.