மறு: கன்சாஸ் கலைச்சொற்கள் – ‘மக்கள் இறையாண்மை’ வேண்டாம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கா பற்றிய சொற்பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலும் நன்றாக வந்திருக்கிறது. நாலைந்து இடங்களில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதிலும் முதல் சொல் இப்படியே அகராதியில் ஏறக் கூடாது.

> பாப்புலர் சாவரின்ட்டி – மக்கள் இறையாண்மை. நம் குடிமையியல் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்கும் சொல். புதிதாக ஆக்கத் தேவையில்லை.

இந்திய அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். ஆட்சி அதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கிறது என்று அங்கே பொருள். 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தில் அதே பெயரில் இருந்தது வேறு சரக்கு. 1820இன் மிசூரி உடன்பாடு, 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே உள்ள மேற்கு நிலங்களில் அடிமைமுறை கூடாது என்று கோடு கிழித்திருந்தது. டக்ளஸின் சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அங்கே போய்க் குடியேறுகிறவர்களே அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்று வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. வாக்கு யாருக்கு? வெள்ளையின ஆண்களுக்கு மட்டும். யாருடைய வாழ்வை வைத்து வாக்கெடுப்பு நடந்ததோ அந்தக் கறுப்பின மக்களுக்கு இல்லை. பெண்களுக்கு இல்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த ஷானி, டெலவேர், கா, ஓசேஜ் மக்களுக்கும் இல்லை. இதற்கு ‘மக்கள் இறையாண்மை’ என்று பெயர் வைத்தால், படிக்கும் பிள்ளை டக்ளஸை ஜனநாயகக் காவலராக நினைத்துக்கொள்ளும்.

அந்த ‘இறையாண்மை’ நடைமுறையில் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1855 மார்ச் 30 அன்று கன்சாஸின் முதல் சட்டமன்றத் தேர்தல். அதற்குச் சற்று முன் எடுத்த கணக்கெடுப்பில் வாக்களிக்கத் தகுதி உள்ளவர்கள் 2,905 பேர். பதிவான வாக்குகள் 6,307. பக்கத்து மிசூரியிலிருந்து ஆற்றைக் கடந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து வாக்குக் குத்திவிட்டுப் போனார்கள். லாரன்ஸ் ஊருக்கு மட்டும் சுமார் ஆயிரம் பேர், வண்டிகளிலும் குதிரைகளிலும், துப்பாக்கி, கத்தியோடு இரண்டு பீரங்கியையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளூர்க்காரர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டச் சட்டைப் பொத்தான் துளையில் வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். இப்படித் தேர்வான மன்றம், அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினால் மரண தண்டனை என்றும், கன்சாஸில் அடிமை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை என்று பேசினாலோ அச்சிட்டாலோ சிறை என்றும் சட்டம் போட்டது. அடிமைமுறையை எதிர்த்த குடியேறிகள் அதைப் போலிச் சட்டமன்றம் என்றே அழைத்தார்கள்.

எனவே என் பரிந்துரை: குடியேறிகள் முடிவுரிமை. யார், என்ன செய்கிறார்கள் என்ற இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன.

> ஃப்ரீ ஸ்டேட் – சுதந்திர மாநிலம். ஸ்லேவ் ஸ்டேட் – அடிமை மாநிலம்.

இது அதைவிடச் சிக்கல். ‘அடிமை இந்தியா’ என்றால் நமக்கு வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டிருந்த இந்தியா. அந்தக் காதோடு ‘அடிமை மாநிலம்’ என்று கேட்டால், மிசூரி யாரிடமோ அடிமைப்பட்டுக் கிடந்தது போலவும், ‘சுதந்திர மாநிலம்’ என்றால் இல்லினாய் தனி நாடாகப் பிரிந்துவிட்டது போலவும் தோன்றும். அடிமைமுறை மாநிலம், அடிமைமுறையற்ற மாநிலம் என்று எழுதுவோம். இரண்டாவது கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. ‘கொத்தடிமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கடனுக்காகப் பிணைக்கப்பட்டவரைக் குறிக்கும். தாயை ஒருவரிடமும் பிள்ளையை இன்னொருவரிடமும் சரக்காக விற்ற முறைக்கு அது ஒத்துவராது.

அப்புறம், ‘அடிமைமுறையற்ற மாநிலம்’ கேட்டவர்களையும் ‘அடிமைமுறை ஒழிப்பாளர்’களையும் பட்டியலில் ஒரே வரியில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிரித்துவிடுங்கள். போலிச் சட்டமன்றத்தை ஏற்காத தரப்பு 1855 கடைசியில் டொபீகாவில் தனியாக ஓர் அரசியலமைப்பை எழுதியது. அடிமைமுறைக்கு அதில் தடை. அதோடு சேர்த்து, சுதந்திரமான கறுப்பினத்தவரும் கன்சாஸுக்குள் வரக் கூடாது என்ற விதியையும் தனியாக வாக்குக்கு விட்டார்கள். அதுவும் பெரும்பான்மையில் நிறைவேறியது. அவர்களில் பலருக்கு, அடிமை உழைப்போடு தங்கள் உழைப்பு போட்டிபோட வேண்டியிருக்கும் என்பதுதான் கவலை. அடிமைமுறையையே ஒழிக்க ஆயுதமேந்திய ஜான் பிரவுன் போன்றோரின் நோக்கம் வேறு. இரு கூட்டத்துக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வரலாறு மறைந்துபோகும்.

> பார்டர் ரஃபியன்ஸ் – எல்லைப் போக்கிரிகள்.

மிசூரியிலிருந்து வந்து வாக்குக் குத்தியவர்களுக்கு இட்ட பெயர் இது. ‘எல்லைச் சண்டியர்’ என்று வைக்கலாம். போக்கிரி தனியாளாகவும் திரிவான். சண்டியர் என்றால் ஆள்பலத்தோடு தேர்தலில் வந்து நிற்பவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை மிசூரிக்காரர்கள் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார்கள். ‘போக்கிரி’யை யாரும் அப்படி ஏற்கமாட்டார்கள், ‘சண்டியர்’ என்றால் மீசையை முறுக்குவார்கள்.

இந்த மோதல் காலத்தைக் குறிக்கும் ‘ரத்தம் சிந்தும் கன்சாஸ்’ அப்படியே இருக்கட்டும். பத்திரிகைகள் பரப்பிய பெயர், நம் சொல்லும் அந்த ஓசையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ‘ஓடிப்போன அடிமை’ என்று போட்டிருக்கிறீர்கள். தமிழில் ‘ஓடிப்போனவர்’ என்றாலே ஏதோ தப்பு செய்துவிட்டுப் போனவர் என்ற பழி ஒட்டிக்கொள்கிறது. 1858 டிசம்பரில் ஜிம் டேனியல்ஸ் துடைப்பம் விற்கிறவர் போல மிசூரி எல்லையைத் தாண்டி கன்சாஸுக்குள் வந்தார். தன்னையும் தன் குடும்பத்தையும் விற்கப்போகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று ஜான் பிரவுனின் ஆள் ஒருவரிடம் கேட்டார். பிரவுன் படையோடு மிசூரிக்குள் புகுந்து 11 பேரை மீட்டார். அதில் அடிமை உரிமையாளர் ஒருவர் கொல்லப்பட்டார். நடுக்குளிரில் நெப்ராஸ்கா, அயோவா, சிகாகோ வழியாக டெட்ராய்ட் வரை போய், 1859 மார்ச்சில் படகேறி கனடாவில் இறங்கினார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. இவர்களை நான் ‘ஓடிப்போனவர்கள்’ என்று எழுதமாட்டேன். ‘தப்பிய அடிமைகள்’ என்று வைப்போம். தப்பியவர்களைப் பிடித்து உரிமையாளரிடம் திருப்பித் தரச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டமும் ‘தப்பிய அடிமைகள் சட்டம்’ ஆகட்டும்.

அன்புடன்.

* * *

தம்பி, வணக்கம்.

சண்டியர், அடிமைமுறை மாநிலம், தப்பிய அடிமை மூன்றுக்கும் என் ஒப்புதல். ‘குடியேறிகள் முடிவுரிமை’யில் மட்டும் தயக்கம். டக்ளஸ் அழகான பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த அழகில்தான் வடக்கிலும் பலர் மயங்கினார்கள். பெயரின் வேடத்தைக் கலைப்பது வரலாற்றாசிரியர் வேலை. அகராதிக்காரர் அதைச் செய்துவிட்டால், ஏன் மயங்கினார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது. இன்னொன்று: எதிர்த்தவர்கள் அதைக் கேலியாக ‘ஸ்குவாட்டர் சாவரின்ட்டி’ என்றார்கள். உங்கள் சொல் அந்தக் கேலிப்பெயரின் மொழிபெயர்ப்பு போலவே இருக்கிறது. டக்ளஸ் வாயில் அவருடைய எதிரியின் சொல்லை எப்படி வைப்பது?

* * *

ஐயா, வணக்கம்.

நீங்கள் சொல்லும் மயக்கம் முக்கியமானதுதான். டக்ளஸின் பேச்சை மேற்கோளாகத் தரும்போது ‘மக்கள் இறையாண்மை’ என்று மேற்கோள்குறிக்குள் போட எனக்குத் தடையில்லை. ஆனால் தலைச்சொல்லாக அதை வைத்தால், நாளைக்கு நம் அகராதியைப் பார்த்து எழுதுகிற ஆசிரியர் மேற்கோள்குறியை விட்டுவிடுவார். பாடநூலில் ஏறிவிட்டால் இறக்க முடியாது.

கேலிப்பெயர் பற்றி: ஸ்குவாட்டர் என்பது பட்டா இல்லாத நிலத்தில் போய் உட்கார்ந்துகொண்டவரைக் குறிக்கும். அதற்கு ‘பட்டாவிலிகள் இறையாண்மை’ என்று தனிப் பதிவு வைக்கலாம். ‘குடியேறி’ என்ற சொல்லில் அந்த ஏளனம் இல்லை. அங்கே போனவர்கள் தங்களைக் குடியேறிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். டக்ளஸே மறுக்க முடியாத சொல் அது.

ஆகவே, குடியேறிகள் முடிவுரிமை தலைச்சொல். விளக்கத்தின் முதல் வரியிலேயே, டக்ளஸும் ஆதரவாளர்களும் இதை ‘மக்கள் இறையாண்மை’ என்று அழைத்தார்கள் என்று சேர்த்துவிடலாம். 1858 ஆகஸ்டில், அடிமைமுறையை அனுமதித்த லகாம்ப்டன் அரசியலமைப்பை 11,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் கன்சாஸ் மக்கள் நிராகரித்ததையும் அதிலேயே குறிப்பிடலாம். ஓரளவு நேர்மையாக வாக்கெடுத்ததும் அந்த உரிமை அடிமைமுறைக்கு எதிராகத் திரும்பியது என்பதும் தெரியட்டும். ஐயா இதற்குச் சம்மதித்தால் பதிவை நானே எழுதி அனுப்புகிறேன்.

மிச்சம் இருப்பது ‘டெரிட்டரி’, அதாவது இன்னும் மாநிலமாகாத நிலப்பகுதி. ‘ஒன்றியப் பிரதேசம்’ என்றால் எல்லோருக்கும் புதுச்சேரி நினைவு வந்துவிடும். 1861 ஜனவரியில் மாநிலமாகும்வரை கன்சாஸின் நிலை அப்படிப்பட்டதல்ல. ‘ஆட்புலம்’ சரிவருமா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.