"பெயரைப் பதிவு செய்யுங்கள்" என்று அழைத்த பழைய அமெரிக்கச் சுவரொட்டிகள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அட்லாண்டாவிலிருந்து:

போன மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காரில் அலபாமா போனோம். மான்ட்கோமெரியிலிருந்து செல்மா போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய பாதி வழியில், லவுண்ட்ஸ் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வரும். அங்கே தேசியப் பூங்காத் துறையின் நினைவகம் ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் கால் நீட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று இறங்கினோம். கிளம்பும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கே புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதுதான் அந்தச் சுவரொட்டியின் படம் கண்ணில் பட்டது. 1966ஆம் வருடத்தது. "இந்தக் கட்சிதான் உங்களுக்கு வேண்டுமா?" என்று ஒரு கேள்வி, கூடவே ஒரு சேவல். இன்னொரு பக்கம் பாய்கிற கருஞ்சிறுத்தை, அதோடு "ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு" என்ற வாசகம். ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சேவல் சின்னமா? 89 தேர்தல்ல நம்ம ஊர்லயும் சேவல் இருந்துச்சே" என்றார். வாசகத்தைப் படிக்காமலே அது தேர்தல் சின்னம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் படத்தை அச்சடித்தவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அப்போது அலபாமாவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. அதனால் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று அந்த மாநிலத்துச் சட்டமே சொன்னது. சேவல், அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம். 1966 வரை அந்தச் சேவலின் தலைக்கு மேலே "வெள்ளையர் மேலாதிக்கம்" என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தார்கள். சிறுத்தை, லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பின் சின்னம். உள்ளூர்க் கறுப்பின மக்களும் ஸ்னிக் என்ற இளைஞர் அமைப்பினரும் சேர்ந்து தொடங்கிய கட்சி அது. அட்லாண்டாவிலிருந்த கிளார்க் கல்லூரியின் சிறுத்தையைப் பார்த்து வரைந்தார்களாம். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் கறுப்பினத்தவர் தொடங்கிய பிளாக் பேந்தர் (கருஞ்சிறுத்தை) கட்சிக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

1965 தொடக்கத்தில் இந்தக் கவுண்டியில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலிலோ அவர்களில் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. தடை என்று எழுதி வைக்கவில்லை. பதிவு செய்யப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்று உட்கார வைத்து, தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதையும் மீறிப் பதிவு செய்தவர்களை நில உரிமையாளர்கள் சும்மா விடவில்லை. தலைமுறையாக விளைச்சலில் பங்குக்கு உழுத குடும்பங்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். 1965 டிசம்பரில் அப்படித் துரத்தப்பட்டவர்கள் இந்த நெடுஞ்சாலை ஓரத்திலேயே கூடாரம் போட்டார்கள், இரண்டு வருடம் போல அங்கே வாழ்ந்தார்கள். நினைவகம் இருப்பது அந்தக் கூடாரங்கள் நின்ற இடத்தில்தான்.

அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "பேர் எழுதினதுக்கா வீட்ட விட்டுத் துரத்தினாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் மான்ட்கோமெரி வரும்வரை எதுவும் பேசவில்லை.

அன்றிலிருந்து இப்படிப்பட்ட சுவரொட்டிகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "வாக்களியுங்கள்" என்பவை நிறையக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியவை அதற்கு முந்தைய படியைச் சொன்னவை, பெயரைப் பதிவு செய்யக் கூப்பிட்டவை. யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.


நியூ ஜெர்சியிலிருந்து:

நீங்கள் தேடுவதில் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பென் ஷான் வரைந்தது, 1944. நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் இருந்தது. கிட்டத்தட்ட நாற்பது அங்குல அகலம், முப்பது அங்குல உயரம். இரண்டு வெல்டர்களின் முகங்கள் மிக அருகில் தெரியும். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். கீழே "போருக்குப் பின் எல்லோருக்கும் வேலை கிடைக்க, பதிவு செய், வாக்களி" என்று இருக்கும். சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அரசியல் குழு வெளியிட்டது.

என் அப்பா திருச்சியில் வெல்டராக இருந்தவர். சில நாள் ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைப்பார். அதனால் அந்தப் படத்தின் முன்னால் எனக்கு வந்த நினைவு வேறு. வெல்டரின் முகத்தை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு மரியாதையோடு வரைந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. சாதாரணமாக வெல்டரைக் காட்டினால் தீப்பொறியைத்தான் காட்டுவார்கள்.

ஏன் "பதிவு செய்" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஊரில் ஆசிரியரோ அரசு ஊழியரோ பட்டியலோடு வீட்டுக்கே வந்து, "வீட்டில் பதினெட்டு ஆனவர்கள் எத்தனை பேர்" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அந்த வேலை பெரும்பாலும் வாக்காளர் தலையில். நார்த் டகோட்டாவில் மட்டும் பதிவே தேவையில்லை. மற்ற எந்த மாநிலத்திலும் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். வீடு மாறினால் மறுபடி பதிவு.

இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்காக ஊர் விட்டு ஊர் போனார்கள். புதிய ஊரில் பலர் பதிவு செய்யவில்லை. 1942 தேர்தலில் வாக்குப்பதிவு சரிந்தது, தொழிலாளர்களுக்கு ஆதரவானவர்கள் பலர் தோற்றார்கள். அடுத்த வருடமே சி.ஐ.ஓ. இந்தக் குழுவைத் தொடங்கியது. ஷான் அதற்காகத் தொடர்ந்து வரைந்தார். 1946இல் வந்த இன்னொன்றில் பசியால் ஒடுங்கிய முகத்தோடு ஒரு சிறுவன் கை நீட்டி நிற்பான். "எங்களுக்கு அமைதி வேண்டும், பதிவு செய், வாக்களி." அதை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கை என்னைத் தூங்கவிடவில்லை.

ஷான் கடைசிவரை வாழ்ந்தது எங்கள் மாநிலத்தின் ரூஸ்வெல்ட் என்ற சிற்றூரில். அங்குள்ள பள்ளிச் சுவரில் அவருடைய பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள்.


ஹூஸ்டனிலிருந்து:

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிசிசிப்பியில் 1964இல் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். 1967இல் அது 59.8 சதவீதம். நடுவில் நடந்தது 1965 ஆகஸ்ட் 6இல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம். பெயரைச் சேர்த்தது சட்டம்தான், சுவரொட்டி இல்லை. சுவரொட்டியைக் கொண்டாடும்போது இது மறந்துவிடக்கூடாது.


அட்லாண்டாவிலிருந்து:

நீங்கள் சொல்வது சரி. சட்டம் வந்த சில நாளிலேயே லவுண்ட்ஸுக்கு மத்திய அரசின் பதிவாளர்கள் வந்தார்கள், மக்களும் போய் வரிசையில் நின்றார்கள். ஆனால் வீடு போகும், உயிரே போகலாம் என்று தெரிந்தும் அந்த வரிசையில் நிற்க வேண்டுமே. அதே நெடுஞ்சாலையில் 1965 மார்ச்சில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் போராட்டத்துக்கு உதவ வந்த வியோலா லியூசோ என்ற வெள்ளையினப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நினைவுக்கல்லையும் பார்த்தோம். அந்தப் பயத்தோடு இருந்தவர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்கள் கையில் இந்த அச்சுத்தாள்கள் இருந்தன. படக்கதைப் புத்தகமே போட்டார்கள். ஷெரீஃபின் (கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட காவல் தலைவர்) வேலை என்ன, வரி மதிப்பிடுபவர் வேலை என்ன, அந்த இடத்தில் நீங்களே உட்கார்ந்தால் என்ன மாறும் என்று படம் படமாக விளக்கியிருக்கிறார்கள். 1966 நவம்பரில் சிறுத்தைக் கட்சி தோற்றது. 1970இல் அதன் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஹியூலெட் அதே கவுண்டியின் ஷெரீஃப் ஆனார். அந்தப் படக்கதையைப் படித்த யாரோ அவருக்கு வாக்களித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.


சிகாகோ அருகிலிருந்து:

நான் சொல்லப் போவது பழைய சுவரொட்டி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். குடியுரிமை உறுதிமொழி எடுத்து மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும், பெண் வாக்காளர் சங்கத்து மூதாட்டி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்த வருடமே தொடங்கிய சங்கம் அது. "இப்போதே பதிவு செய்துவிட்டுப் போங்கள்" என்று படிவத்தை நீட்டினார். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற கட்டங்களைப் பார்த்துத் தயங்கினேன். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி. நம்மில் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. அவர் பொறுமையாகக் கேட்டு, உரிமத்தில் உள்ளபடியே எழுதச் சொன்னார்.

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, குறிப்பாக வடமாநிலங்களில், லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவாகியிருந்தது. சொந்தப் பெயர் இல்லாமல் ஏற்க முடியாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்ததால் சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன்.


சான் அன்டோனியோவிலிருந்து:

பக்கத்து வீட்டில் எண்பது வயது மெக்சிகோ வம்சாவளிப் பாட்டி இருக்கிறார். கராஜைச் சுத்தம் செய்ய உதவப் போனபோது ஒரு குழாயில் சுருட்டி வைத்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். "சு வோட்டோ எஸ் சு வோஸ்." உங்கள் வாக்கே உங்கள் குரல் என்று அர்த்தம். 1974இல் வில்லி வெலாஸ்கெஸ் எங்கள் ஊரில் தொடங்கிய தென்மேற்கு வாக்காளர் பதிவு இயக்கத்தின் முழக்கம் அது. பாட்டி இளவயதில் சனி, ஞாயிறுகளில் தெருத்தெருவாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். நாய் கடித்த தழும்பைக்கூடக் காட்டினார்.

ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் பழுப்பாகிக் காகிதத்தையும் தின்றுவிட்டது. ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. என்ன செய்யலாம்?


நியூ ஜெர்சியிலிருந்து:

டேப்பை நீங்களாக உரிக்கவே உரிக்காதீர்கள், அச்சும் சேர்ந்து வந்துவிடும். கராஜ் வெயிலிலிருந்து முதலில் வீட்டுக்குள் கொண்டுபோங்கள். லேமினேட் செய்யவும் வேண்டாம். அப்புறம் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் கேளுங்கள். பாட்டி சொல்வதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தேதி, தெரு, யார் யார் கூட வந்தார்கள், எல்லாம்.


சான் அன்டோனியோவிலிருந்து:

நேற்றுக் கேட்டேன். கொடுக்க மனமில்லை என்றார். ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டும், காகிதம் தன் பேத்திக்கு என்றார். பேத்திக்கு வருகிற மாதம் பதினெட்டு. சனிக்கிழமை மூன்று பேருமாக நூலகத்துக்குப் போகிறோம். பேசுவதைப் பதிவு செய்ய என் போனை எடுத்துப் போகிறேன்.