புதுப்பிப்பு: பொஜொலே சிவப்பு வைனும் அதற்கேற்ற உணவும்

பிரான்சின் பொஜொலே பகுதியில் உருவாகும் சிவப்பு வைனைக் குளிர வைத்துப் பருகலாமா, அதனுடன் எந்த உணவு பொருந்தும் என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். அப்பகுதிக்கு அருகிலுள்ள லியோன் நகரில் அந்த வைனைச் சுவைத்துப் பார்த்தபின் இதைச் சேர்க்கிறேன்.

குளிர வைப்பதே நல்லது. 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் அளவில் சிவப்புப் பழங்களின் மணம் தெளிவாக எழுகிறது. அறைச் சூட்டில் ஆல்கஹாலின் நெடியே முந்திக்கொள்கிறது. இந்த வைனுக்கான கமே வகைத் திராட்சைக் கொத்துகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் இட்டு, கரியமில வாயு நிறைந்த சூழலில் பழத்துக்குள்ளேயே நொதித்தலைத் தொடங்கச் செய்வதால், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு குறைந்து, புளிப்பு துலக்கமாக நிற்கிறது. குளிர்ச்சி துவர்ப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், பிரான்சின் போர்தோ பகுதியில் உருவாகும், துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன்களுக்கு இப்படிக் குளிர வைப்பது ஒத்துவராது.

உணவைப் பொறுத்தவரை, லியோனின் சிறு உணவகங்களில் வேகவைத்த உருளைக்கிழங்குடன் பரிமாறப்படும் பன்றியிறைச்சி சாசேஜே எனக்கு மிகவும் பிடித்தது. கொழுப்பு நாவில் படிந்த மறுகணமே வைனின் புளிப்பு அதைத் துடைத்துவிடுகிறது. வாட்டிய கோழியும் பொருந்தியது. ஆட்டுப்பால் சீஸ், புளிப்புக்குப் புளிப்பாகச் சேர்ந்து, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளியாகும் நூவோ எனும் இளம் பொஜொலே வைனின் வாழைப்பழ மணம் (சிலருக்கு அதுதான் கொண்டாட்டம்) எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதே கமேயிலிருந்து வரும் மொர்கோன் எனும் பொஜொலே வைன் சற்றுக் கனமானது. மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தால் அதைத்தான் திறப்பேன்.