ஏலகிரியில் நான்கு நாள்

எங்கள் வீட்டில் மே மாதம் என்றால் ஊட்டி, கொடைக்கானல் பேச்சே எழாது. ஏலகிரிதான். எங்கள் சர்ச் சபையார் வருடா வருடம் அங்கே ஃபேமிலி கேம்ப் போடுவார்கள். நான்கு நாள், இருபது குடும்பம். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை நான் ஒரு வருடமும் விட்டதில்லை.

பெரம்பூரில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்குவோம். அங்கிருந்து பொன்னேரி வழியாக பஸ். (சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்னேரி இல்லை, இது மலையடிவாரத்து ஊர்.) மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வள்ளுவர், இளங்கோ, கம்பர், ஔவையார் என்று புலவர்கள் முடிந்ததும் பாரி, ஓரி, பேகன் என்று வள்ளல்கள் தொடங்குவார்கள். பலகை கண்ணில் பட்டதும் பிள்ளைகள் பெயரைக் கத்த வேண்டும். வள்ளல் என்றால் அவர் என்ன கொடுத்தார் என்றும் சொல்ல வேண்டும். முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் பள்ளிக்கூடத்தில் வருவதற்கு முன்பே எனக்கு அந்த பஸ்ஸில் மனப்பாடம்.

புங்கனூர் ஏரியில் படகு விட்டோம், மங்களத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறினோம். ஜலகாம்பாறை அருவிக்கு ஒரு வருடம் போனோம், கோடையில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் இருக்கும் ஞாபகம். நான் சொல்ல வந்தது வேறு.

முகாமில் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். சமையலுக்கு ஒரு மாஸ்டர் வருவார். காய் நறுக்குவது, பரிமாறுவது, அண்டா கழுவுவதெல்லாம் நாங்கள்தான். முதல் நாள் ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஐயர் (சபையின் போதகர்) டூட்டி பட்டியல் வாசிப்பார். அந்த முதல் வருடம், ‘காலை உப்புமாவுக்கு வெங்காயம்’ என்று சொல்லி அப்பா பெயரை வாசித்தார்.

வீட்டில் அப்பா தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. கணக்கு ஆபீஸ் வேலை. ஏழு மணிக்குக் கிளம்புவார், இருட்டிய பிறகு வருவார். மறுநாள் விடியற்காலை எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனேன். பனியன், கழுத்தில் துண்டு, சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கூடை வெங்காயம். கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றியிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் வெங்காயம் ஒவ்வொன்றும் லெட்ஜரில் கோடு போட்ட மாதிரி ஒரே அளவு. மாஸ்டர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “சார், நாளைக்கும் நீங்களே வாங்க” என்றார். அப்பா முகத்தில் அப்போது வந்த சிரிப்பு புரமோஷன் வந்த அன்றைக்குக்கூட வரவில்லை.

அம்மா தூரத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இருவரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் மே மாதம். போர்வை, தட்டு, டம்ளர், பைபிள் என்று அம்மா வழக்கம்போல எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பா சமையலறைக்குள் போய், எங்கள் வீட்டுக் கத்தியை எடுத்து வந்தார். “அங்கே இருக்கிறது மொக்கையாக இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, அதைப் பேப்பரில் சுற்றி ஷேவிங் செட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.