புதுப்பிப்பு: கல்லிடைக்குறிச்சி வீடு எந்த வகை?

போன பதிவில் கேட்டிருந்தது இதுதான்: தாத்தா கட்டின ஓட்டு வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர், தெருப்பக்கத்து அறையில் வாடகைக்குப் பலசரக்குக் கடை. வங்கிப் படிவத்தில் "சொத்து வகை" என்ற இடத்தில் என்ன எழுதுவது? பதில் சொன்ன அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் மனசார நன்றி.

சுவர்தான் பெரிய குழப்பமாக இருந்தது. ஆவண எழுத்தர், "சுவரை விடுங்க, மண்ணு யாருதுன்னு பாருங்க" என்றார். அடுக்குமாடி வீடு என்றால் பத்திரத்தில் மனையின் பிரிபடாத பாகம், அதாவது எல்லா வீட்டாருக்கும் பொதுவான மனையில் நம் பங்கு, என்று வரும். எங்கள் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லி முழு மனையும் எங்களுக்கே எழுதியிருக்கிறது. சுவர் மட்டும்தான் பொது. ஆகவே தனி வீடு. பட்டாசலும் (கூடம்) ரெண்டாங்கட்டும் (அதற்குப் பின்னுள்ள பகுதி) பின்வாசல் வரை ஒரே நீளமாகப் போகிற நம்மூர்த் தெரு வீடுகள் பலவற்றுக்கும் இந்தக் கேள்வி வரும், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மனை கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கின நிலம். அது நிலத்தின் வகை, கட்டடத்தின் வகை அல்ல. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

மின்சாரத்தில் கடைக்குத் தனி மீட்டர், வணிகக் கட்டணம், வீட்டுக்கு 1ஏ என்ற வீட்டு உபயோகக் கட்டணம். பேரூராட்சி வரி ரசீதிலும் கடைப்பகுதி தனியாகவே இருக்கிறது. அதை மறைக்காமல் "தனி வீடு, குடியிருப்பு, ஒரு பகுதி வணிகம்" என்று எழுதிக் கொடுத்தேன், வங்கியில் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி 1975-க்கு முந்தைய வில்லங்கச் சான்றுதான் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) பாக்கி. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.